தட்டில் திரும்பி வராதது

பங்களாவின் இரும்பு கேட்டைத் தாண்டி முதல் வளைவுக்கு வந்த பிறகுதான் கையில் பார்சல் இருப்பது நினைவுக்கு வந்தது. வேலையை விட்டு அனுப்பிய பிறகும் பழக்கத்தில் மிச்சச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கழிவுநீர் ஓடும் கானோரம் நின்று கொட்டிவிடலாம் என்று பார்த்தேன். பசித்தது. கொட்டாமல் நடந்தேன்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் ஹோட்டலில் கோப்பை கழுவினேன், தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்கினேன், வெல்லவாயப் பக்கம் செங்கல் சூளையில் கிடந்தேன். எங்கேயிருந்து கிளம்பினாலும் இரண்டு சட்டையைப் பையில் போட்டால் முடிந்தது. இந்த முறை அப்படி இல்லை. இந்த வேலையோடு அம்மாவின் காம்பராவும் சேர்ந்திருந்தது.

அம்மா இருக்கும் லயத்துக் காம்பரா, தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை, தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டுக்கு ஓர் ஆளாவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். அப்பா செத்துப்போய்விட்டார். அம்மாவுக்கு முழங்கால் போய் மலை ஏற முடியாமல் ஆகிவிட்டது. "ஆள் பதியலைன்னா காம்பராவக் குடுத்துருங்க, வேற குடும்பம் காத்துக்கிட்டிருக்கு" என்று வேலையாட்களை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டக்டர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் செய்தி கேட்டுத்தான் நான் திரும்பி வந்தேன். மலையில் தேயிலை வேலைக்குப் போகாமல் பங்களாவில் வேலை கேட்டேன். பழைய தொரை பங்களா இப்போது வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் இடம். ஆனாலும் அது தோட்டத்துப் பங்களாதான். அங்கே வெங்காயம் உரித்தாலும் பேர் பதியும்.

சமையல்காரர் ஒரு சாவு வீட்டுக்காக ஹாலிஎலக்குப் போயிருந்தார். அன்றைக்கென்று ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் சாப்பாடு கேட்டிருந்தது. அந்தக் காலத்துத் தொரைமார் சாப்பிட்ட மாதிரியே வேண்டுமாம். பங்களா மேனேஜர் சமையலறைக்கு வந்து நின்றார். சிங்களவர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசக் கற்றவர்.

"ரோஸ்ட் தட்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். எங்கம்மா இந்தப் பங்களாவுலதான் வேலை செஞ்சாங்க."

பொய் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தட்டு தெரியும் என்றுதான் நம்பினேன். வெள்ளைக்காரர்கள் போன பிறகு வந்த தொரைமாரும் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்டை விடவில்லை. அம்மா பின்பக்கத்துக் குழாயடியில் பாத்திரம் கழுவுகிறவள். உள்ளே போகமாட்டாள். தட்டுகளில் திரும்பி வருவதை ஒரு டின்னில் வழித்துக் கொண்டு வருவாள். மாட்டிறைச்சி கலந்திருக்கும் என்பதால் காம்பராவுக்குள் விடமாட்டாள். வாசலுக்கு வெளியே, கான் விளிம்பில் உட்கார வைத்துத்தான் எனக்குத் தருவாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் கோழி என்று சொல்லச் சொல்வாள். உள்ளே நிறைய முட்டைக்கோஸ் இருக்கும். கேரட் துண்டுகள், கருகின உருளைக்கிழங்கு, இறைச்சியின் ஓரத்துக் கொழுப்பு, மேலே உறைந்த பழுப்பு நிறக் குழம்பு. வாரம் தவறாமல் சாப்பிட்டிருக்கிறேன். எது எந்த அளவு இருக்கும் என்பது என் நாக்குக்குத் தெரியும்.

அதனால் அப்படியே செய்தேன். இறைச்சியை மிளகு போட்டு அவித்து, பிறகு ஓவனுக்குள் வைத்துக் கறுக்க விட்டேன். நான் பார்த்த இறைச்சி எல்லாம் கறுப்பாகவும் விறைப்பாகவும்தான் இருந்தது. தட்டுக்குத் தட்டு முட்டைக்கோஸைக் குவித்தேன். கொழுப்பு ஓரத்தை வெட்டி எறியாமல் தனியாகப் பார்வைக்கு வைத்தேன். குழம்பை எல்லாவற்றின் மேலேயும் முழுக்க ஊற்றினேன். அழகாக இருந்தது என்றுதான் நினைத்தேன். பரிமாறுகிற தம்பிகூட, "அண்ணே, ஹோட்டலே வச்சிரலாம் போலருக்கே" என்றான்.

போனவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"அண்ணே, அந்தப் பணியாரம் எங்கன்னு கேக்குறாங்க."

"என்னா பணியாரம்?"

"எனக்கு என்னா தெரியும்? பணியாரம் மாதிரி ஒண்ணாம். ஓவன்ல வச்சா புஸ்ஸுன்னு உப்பி எழும்புமாம். உள்ள ஒண்ணுமே இருக்காதாம். மாட்டிறைச்சி ரோஸ்டுன்னா அது இல்லாமத் தட்டே கெடையாதாம். அதைத்தான் மொதல்ல தின்னு முடிப்பாங்களாம்."

"உள்ள ஒண்ணுமே இல்லாததுக்கா இந்தக் கூத்து?"

"சிரிக்கிறாங்கண்ணே. மேனேஜரு சிரிக்கல."

சுவரில் ஓர் ஆணியில் பணியாரச் சட்டி மாதிரி குழி குழியான தகரத் தட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் வந்த நாளிலிருந்து அதில் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் மிச்சம் வைத்ததை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். ருசித்து முழுக்கச் சாப்பிட்டது எதுவும் எங்கள் டின்னுக்கு வரவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கினதை எல்லாம் கூட்டி அதுதான் தட்டு என்று முப்பது நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தட்டுகள் திரும்பி வந்தன. முட்டைக்கோஸ் அப்படியே இருந்தது. கொழுப்பு அப்படியே இருந்தது. இந்த முறை இறைச்சியும் அப்படியே இருந்தது.

மேனேஜர் சத்தம் போடவில்லை. "நீ தெரியும் சொன்னதுதானே. நான் நம்பினது" என்றார். பிறகு, "நாளைக்கு வர வேணாம். பேரு நான் ஆபீசுக்குச் சொல்லி வெட்டுறது" என்றார். அம்மாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் வெளியே போய் விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரகல சந்திக்கு வந்தபோது வெல்லவாய பஸ் நின்றுகொண்டிருந்தது. பஸ் கண்டக்டர் பையன் கதவில் தொங்கிக்கொண்டு, "ஏறுங்க ஏறுங்க, சீட்டு இருக்கு" என்று என்னைப் பார்த்தே கத்தினான். ஓடிப்போகிற ஆள் என்று என் முகத்தில் எழுதியிருக்கும் போல. ஏறியிருந்தால் இருட்டுவதற்குள் சூளையில் இருந்திருப்பேன். அங்கே யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். காலை எடுத்துப் படியில் வைத்ததும் உண்மை. பார்சலின் குழம்பு கசிந்து விரலில் ஒட்டியது. காலை எடுத்துக்கொண்டேன். அம்மாவின் மேல் உள்ள பாசம் என்று சொல்லமாட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க எனக்கு இந்த நாட்டில் ஓர் இடமும் கிடையாது, அவ்வளவுதான்.

லயத்துக்குப் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பார்சலைக் கண்டதும் வழக்கம்போல, "உள்ள கொண்டு போகாத, இங்க வையி" என்றாள். கான் விளிம்பில் வைத்துப் பிரித்தாள். முட்டைக்கோஸை ஒதுக்கினாள். அடியில் இருந்த இறைச்சித் துண்டை விரலால் புரட்டினாள்.

"முழுசா திரும்பியிருக்கு" என்றாள். "நான் கழுவுன காலத்துல ஒரு துண்டு முழுசாத் திரும்பினதில்ல. நீதான் சமைச்சியா?"

"ஆமா."

"வேலை போயிருச்சா?"

"போயிருச்சு."

அந்தக் குழித் தட்டைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது.

"அந்தச் சனியன் புடிச்ச தகரமா? எண்ணெய் கருகி ஒட்டியிருக்கும். சாம்பல் போட்டு, தேங்காமட்டையால தேச்சுத் தேச்சு நகம் போச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வரும்."

"அதுல என்னா செய்வாங்க?"

"யாருக்குத் தெரியும்? எனக்கு வெறும் தகரமாத்தான வரும்."

உருளைக்கிழங்கை மட்டும் எடுத்து, குழம்பைத் துடைத்து எனக்கு நீட்டினாள். தான் சாப்பிடவில்லை. இறைச்சியை நாய்க்குப் போட்டாள். நாய் அதை ரொம்ப நேரம் மென்றது.

"காம்பரா?" என்றாள்.

"நாளைக்குக் காலையில ஆள் எடுக்குற பெரட்டுக்குப் போறேன். மலையில பேரு பதிவாங்க. ஆள் இல்லாமத்தான கெடக்காங்க."

"ஆம்பளைக்கு இப்ப என்னா வேலை குடுக்குறாங்கன்னு தெரியுமில்ல?"

தெரியும். அப்பா அந்த வேலைதான் செய்தார். புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. கடைசி வருஷங்களில் அவர் மூச்சு விடுவது பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அதனால்தான் அந்தச் சின்ன வயதிலேயே நான் தோட்டத்தை விட்டு ஓடினேன். போகாதே என்று அம்மா சொல்வாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அவளாலும் சொல்ல முடியாது.

காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் குறைவாகத்தான் நின்றார்கள். தோட்டத்துக் கண்டக்டர் என் பேரைக் கேட்டார், அப்பா பேரைக் கேட்டார், தலையை ஆட்டினார். கங்காணி என்னைப் பார்த்து, "என்னாப்பா, பங்களாச் சோறு செரிக்கலையா?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கையுறை இருக்குங்களா?"

"போன மாசம் இருந்துச்சு" என்றார் கங்காணி. "மூஞ்சில துண்டக் கட்டிக்க. காத்துக்கு எதிரா நிக்காத."

டாங்கியில் தண்ணீர் ஊற்றினார்கள், மருந்தை ஊற்றிக் குச்சியால் கலக்கினார்கள். அந்த வாடை எனக்குத் தெரிந்த வாடை. அப்பாவின் சட்டையில் இருந்த வாடை. இரண்டு பேர் தூக்கி என் முதுகில் வைத்தார்கள், வாரை இழுத்துக் கட்டினார்கள். ஈரம் சட்டை வழியாக உடனே இறங்கியது. இடது கையால் பம்புக் கட்டையை அடித்துக்கொண்டு, வலது கையில் குழாயைப் பிடித்து, மேட்டுத் தேயிலை நிரையிலிருந்து தொடங்கினேன்.