ஜெரால்டுக்கு எந்த கார்டு?

போன வெள்ளிக்கிழமை ஷாப்பிங் மாலில் ஒரு பெண் என்னை வழிமறித்தார். கையில் பளபளவென்று ஒரு நோட்டீஸ். அடிக்கடி டிராவல் பண்ணுவீர்களா சார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். செலவழிக்கச் செலவழிக்க விமான டிக்கெட்டுக்கு மைல்ஸ் தரும் கிரெடிட் கார்டு விற்கிறாராம்.

டிராவலா, நாமா? வளைகுடாவில் இருக்கிற நாம் எங்கே டிராவல் பண்ணுகிறோம்... ஊருக்குப் போகிறோம், திரும்பி வருகிறோம். அவ்வளவுதானே?

எனக்கு ஜெரால்டு ஞாபகம் வந்துவிட்டது.

அஜ்மானில் எங்கள் பில்டிங்கின் கீழ்த்தளத்தில், பேச்சிலர் ரூமில் இருக்கிறார் ஜெரால்டு. திருநெல்வேலிப் பக்கம் உவரிக்காரர், ஏசி டெக்னீஷியன். பேச்சிலர் ரூம் என்றுதான் பெயர். கல்யாணமானவர். மனைவி ஷைனி, சவூதியில் தம்மாமில் நர்ஸ். மேப்பில் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரி தெரியும். விசா என்று போய் நின்றால்தான் தூரம் தெரியும்.

ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் சந்திக்க முடிகிற ஒரே இடம் உவரி. அதிலும் ஒரு சிக்கல். இரண்டு பேருக்கும் கம்பெனி டிக்கெட் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான். இவருக்கு ஒற்றைப்படை வருஷம், அவருக்கு இரட்டைப்படை. இவர் ஊருக்குப் போகும்போது அவர் டியூட்டியில் இருப்பார். அவர் போகும்போது இவர் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏசி கழற்றிக்கொண்டிருப்பார். சொந்தமாக டிக்கெட் எடுக்கலாம் என்றால், சம்பளத்தில் பாதியை வீட்டு லோன் தின்றுவிடுகிறது.

ஒருநாள் இரண்டு பேங்க் விண்ணப்பங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, டிக்கெட் கிடைக்குத மாதிரி ஒரு கார்டு சொல்லுங்க. அடுத்த வருஷம் ஷைனி லீவுல வரும்போது நானும் ஊர்ல இருக்கணும்.”

ஆலோசனை கேட்டால் எனக்கு நாற்காலி கொள்ளாது. என்னிடம் இருக்கிற கார்டையே சிபாரிசு செய்தேன். ஹோட்டலில் சாப்பிட்டால் மூன்று மடங்கு மைல்ஸ், பெட்ரோலுக்கு இரண்டு மடங்கு, ஏர்போர்ட் லவுஞ்சில் இலவச சூப்... அடுக்கிக்கொண்டே போனேன்.

“நான் மெஸ்ஸுலதான் சாப்பிடுதேன். கம்பெனி வண்டியில போறேன், வாறேன்” என்றார் பணிவாக.

காபி கொண்டுவந்த என் மனைவி வனிதா, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். “அவர் எதுல செலவு பண்றார்னு முதல்ல கேட்டீங்களா? தம்பி, போன் பில்லு மாசம் எவ்வளவு வருது?”

ஜெரால்டு தலையைக் குனிந்துகொண்டார். தம்மாமுக்குத் தினமும் பேசுகிறார். இன்டர்நெட் போனெல்லாம் இங்கே மாஃபி, அனுமதியே கிடையாது. அத்தனையும் மொபைல் பில்தான். மாதா மாதம் மெஷினில் நோட்டு நோட்டாகச் சொருகிக் கட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

எனக்குள் இருந்த நிபுணர் விடுவாரா? “பேச்சைக் குறைச்சாலே டிக்கெட் காசு மிச்சமாகுமே ஜெரால்டு” என்றேன்.

“ஒரு வருஷம் பேசாம இருந்துட்டு, டிக்கெட் எடுத்துப் போயி யாருகிட்ட பேசண்ணே?”

வனிதா இரண்டு விண்ணப்பங்களையும் புரட்டி, ஒன்றை அவரிடம் நீட்டினாள். லவுஞ்ச் கிடையாது, சூப் கிடையாது. டெலிபோன் பில்லுக்கு மட்டும் இரட்டைப் பாயிண்ட்.

நம்மில் பலரும் செய்கிற தப்பு இதுதான். நாம் வாழ ஆசைப்படுகிற வாழ்க்கைக்குக் கார்டு வாங்குகிறோம். பில்லோ நாம் வாழ்கிற வாழ்க்கைக்கு வருகிறது. நான் அந்த லவுஞ்சுக்குள் இதுவரை போனதே இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும்.

ஜெரால்டு பேசினார். பேசப்பேசப் பாயிண்ட் ஏறியது. அடுத்த வருஷம் திருவனந்தபுரம் டிக்கெட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்தும்விட்டது. ஆனால் ஷைனியின் லீவு ஸ்கூல் விடுமுறையில் வந்தது — சீசன். பாயிண்டுக்கு சீட் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். அன்று ஜெரால்டின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஷைனிதான் கூட வேலை பார்க்கிற நர்சிடம் கெஞ்சிக் கூத்தாடி, லீவை செப்டம்பருக்கு மாற்றிக்கொண்டார்.

லீவு முடிந்து திரும்பிய ஜெரால்டு, ஒரு டப்பா மஸ்கோத் அல்வாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நன்றாகச் சதை போட்டிருந்தார்.

“அடுத்த டிக்கெட்டுக்கு எவ்வளவு பாயிண்ட் ஏறியிருக்கு தம்பி?” என்று வனிதா கேட்டாள்.

“போன மாசம் ஒண்ணுகூட ஏறல மதினி” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. “அவதான் பக்கத்துலயே இருந்தாளே.”