துப்பாமல் விழுங்குகிறவள்

வைனை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, இது நல்லது, இது கூடாது என்று சொல்லிவிடலாம். பியரை அப்படிச் செய்ய முடியாது. அதன் கசப்பு நாக்கு நுனியோடு நிற்பதில்லை, தொண்டைக்குள் இறங்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். ஆகவே பியரை ருசி பார்க்கிறவர்கள் விழுங்கத்தான் வேண்டும். இந்த ஒரு சின்ன விசயத்தை வைத்து என்னுடைய கலியாணத்தைக் குழப்பினார் என் பெரியப்பா, அப்பாவின் தமையன். அந்த மனிசனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோசனையும் இல்லை.

கம்பஸில் இரசாயனவியல் படித்துவிட்டு, தெற்கில் ஒரு பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். ருசி பார்ப்பது அங்கே காலை பத்து மணியளவில் நடக்கும். காலைச் சாப்பாட்டு உறைப்பு நாக்கை விட்டுப் போயிருக்கும், மத்தியானப் பசி இன்னும் வந்திருக்காது. ஒரு மிடறு, ஒரு வாய் தண்ணீர், ஒரு துண்டு பாண், பிறகு அடுத்த கிளாஸ். நெய் மணந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம். பச்சை அப்பிள் மணந்தால் பியர் இன்னும் பிஞ்சு. நனைந்த மட்டைப்பெட்டி மணந்தால் உள்ளே காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. வெறியேறுகிற அளவுக்கு அங்கே ஒருவரும் குடிப்பதில்லை. குடித்தால் அடுத்த கிளாஸைப் பற்றி என்னத்தைச் சொல்வது?

எங்கள் உரும்பிராயில் பியருக்கு வேறொரு சாத்திரம் இருக்கிறது. வெள்ளைப் பியர் குளிர்மை, வெயிலுக்கு நல்லது. கறுப்புப் பியர், அதுதான் ஸ்ரவுட், சூடு, நாரிப்பிடிப்புக்கு நல்லது. ஸ்ரோங் என்று விற்பது மட்டும்தான் குடி. ‘பியரெல்லாம் ஒரு குடியோ’ என்று ஆம்பிளைகள் சொல்வார்கள், பொம்பிளைகளும் தலையாட்டுவார்கள். நான் விடுமுறையில் வந்து, லாகர் எப்படிக் கிழமைக்கணக்காய்க் குளிரில் கிடந்து தெளிகிறது, ஏல் எப்படிச் சூட்டில் பொங்கிப் பழவாசம் பிடிக்கிறது, கோதுமைப் பியரில் எப்படி வாழைப்பழமும் கராம்பும் மணக்கின்றன என்று சொன்னால் அம்மா காதைப் பொத்துவாள். "கண்டறியாத படிப்பு. உதை வெளியிலை கதையாதை," என்பாள்.

அம்மா பயந்தது சரிதான். மானிப்பாயில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பொறியியலாளர். சாதகம் பொருந்தி, போனில் கதைத்து, எனக்கு அவரை நன்றாகவே பிடித்துப்போயிருந்தது. குரலைக் கேட்டால் சிரிப்பு வரும், அப்படிப் பிடித்தது. நாள் வைக்க வந்த அன்று அவருடைய தாய் என்னைக் கிட்டக் கூப்பிட்டு இருத்தினா.

"பிள்ளை, நீர் விடியக் காலைமை பியர் குடிக்கிறனீராம். மெய்யோ?"

"குடிக்கிறேல்லை மாமி. ருசி பாக்கிறது. அது என்ரை வேலை."

"ருசி பாத்திட்டுத் துப்புவீரோ, விழுங்குவீரோ?"

துப்புவேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு இன்றைக்கு இரண்டு பிள்ளைகள் இருந்திருக்கும். என் வாய் சனியன்! "விழுங்கினால்தான் கசப்புத் தெரியும் மாமி," என்றேன். அந்த மனிசி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினா. ஆர் சொன்னது என்று அம்மா அழுதழுது கேட்டதற்கு, "உங்கடை மனிசன்ரை தமையன்தான். கோயில் தருமகர்த்தா, பொய் சொல்லுவாரோ?" என்றா. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மாப்பிள்ளை பிறகு ஒரேயொரு தடவை போன் எடுத்து, "அம்மா மாட்டன் எண்டால் நான் என்ன செய்யிறது," என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. ஊருக்குள் என் பெயர் ‘பியர்க்காரி’ ஆகிவிட்டது. அந்தக் கிழமை முழுக்க என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்திருந்தது பெரியப்பாவின் மகள், என் தங்கச்சி ஒருத்திதான்.

சரி, பெரியப்பாவிடம் வருகிறேன். பனைக்குக் கீழே இருந்து பால் குடித்தாலும் கள்ளென்பார்கள். இவர் அந்தப் பழமொழியையே தலைகீழாக்கினவர். காலைப் பூசை முடிந்து, வீபூதிக் குறியோடு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து, ஒரு வெண்கல மூக்குப்பேணியை அண்ணாந்து பிடித்துக் கறுப்பாய் ஏதோ வாயில் ஊற்றிக்கொள்வார். கசாயம் என்பார். அதில் முட்டை அடித்துப் போடுவதும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முட்டை இல்லை, விரதமாம்! பள்ளிக்கூடக் காலத்தில் நானும் கசாயம் என்றுதான் நம்பினேன். ஆலையில் முதன்முதலாக ஒரு கிளாஸ் ஸ்ரவுட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனபோது பெரியப்பாவின் விறாந்தை மணந்தது. ஸ்ரவுட்டை வாங்கி வந்து, அரிட்டப் போத்தல்களில் மாற்றி ஊற்றி, மருந்து அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார் மனிசன். பாவம், பெரியம்மாவும் நம்பிக்கொண்டிருந்தா.

தங்கச்சிக்குச் செவ்வாய் தோசம். எத்தனையோ சாதகம் வந்து தட்டிப்போய், கடைசியாகச் சாவகச்சேரியில் ஒரு பெடியன் பொருந்தினான். அவளுக்கும் அவனில் உயிர். "அக்கா, நீங்கள் வராட்டி நான் சேலை உடுக்கமாட்டன்," என்று போனில் அடம்பிடித்தாள். லீவு போட்டு வந்தேன். அவளுக்காக மட்டும் வந்தேன் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அந்த மனிசனைச் சபையில் வைத்து உரிக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல் சொல்லாய்க் கோத்துக்கொண்டு வந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நாள் வைக்க மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பெரியப்பா என்னை அறிமுகப்படுத்தினார்: "இது தம்பியின்ரை மூத்தவள். கொழும்புப் பக்கம் பெரிய லபோரற்றரியிலை ஆராய்ச்சி." கேட்டீர்களா கதையை! என் சம்பந்தத்துக்கு நான் பியர்க்காரி, தன் மகளின் சம்பந்தத்துக்கு ஆராய்ச்சிக்காரி. எனக்கு உச்சந்தலை கொதித்தது.

மாப்பிள்ளையின் தாய் முதலிலேயே சொல்லிவிட்டா. "எனக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். நான் என்ரை தமையனைக் குடிக்குப் பறிகுடுத்தனான். குடிக்கிற வீட்டிலை கை நனைக்கமாட்டம். அவ்வளவுதான்."

"சிவசிவா, இந்த வீட்டிலையோ!" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு, பதற்றத்திலோ பழக்கத்திலோ பேணியை எடுத்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் தகப்பன் எட்டிப் பார்த்தார். "அண்ணை, உதென்ன, நல்லாக் கறுத்துக் கிடக்கு?"

"உது... வேர்க் கசாயம். சலரோகத்துக்கு நல்லது."

"அட, எனக்கும் சலரோகம்தானே! ஒரு வாய் தாருங்கோவன்."

கதவடியில் நின்ற பெரியம்மா, "ஓமோம், குடுங்கோ. இவருக்கு உதாலைதான் உடம்பு நிக்குது," என்றா. பெரியப்பாவின் கை பேணியோடு அப்படியே நின்றது. கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டு எனக்குச் சந்தோசம் பொங்கியது. நான் ஒரு சொல் சொன்னால் போதும், ஆள் தொலைந்தார். ஆனால் பெரியப்பாவுக்குப் பின்னால், அறை வாசல் திரைச்சீலையைப் பிடித்தபடி தங்கச்சி நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சேலைக்குள் அவள் அவ்வளவு வடிவாக இருந்தாள்.

நான் எழும்பிப் போய்ப் பேணியை அவர் கையிலிருந்து வாங்கினேன். முகர்ந்து பார்த்தேன். கருகின பார்லி, கருகின சீனி, ஆறின கோப்பி. அதற்குக் கீழே நனைந்த மட்டைப்பெட்டி. போத்தல் மாற்றி ஊற்றினால் நுரை சாகும், காற்றுப் படும், பிறகென்ன. நல்ல ஸ்ரவுட்டையும் பாழாக்கி வைத்திருந்தார் மனிசன்.

"பொறுங்கோ மாமா. இதைச் சோதிக்கிறதுதான் என்ரை வேலை. நான் முதல் ருசி பாக்கிறன்," என்றேன். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன்: "பெரியப்பா, துப்பட்டோ, விழுங்கட்டோ?"

அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேக்கேல்லை, பெரியப்பா."

"விழுங்கு," என்றார். "விழுங்கு மோனை."

பேணியை அண்ணாந்து ஊற்றினேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, "கசாயம் பழுதாப் போச்சு மாமா. சலரோகக்காரர் வாயிலை வைக்கக் கூடாது. பெரியம்மா, அலுமாரியிலை கிடக்கிற போத்தல் முழுக்க எடுத்துக் கிணத்தடியிலை ஊத்துங்கோ," என்றேன். பெரியம்மா அந்த நேரமே எடுத்துக்கொண்டு போனா. போத்தல் ஒவ்வொன்றாகக் கவிழ்கிற சத்தத்தைப் பெரியப்பா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சம்பந்தம் ஒப்பேறியது. நாளும் குறித்தார்கள். வந்தவர்களுக்கு உள்ளே இலை போட, பெரியப்பா என்னை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கூப்பிட்டார்.

"நீ ஒருதருக்கும் சொல்லமாட்டாய்தானே, பிள்ளை?"

"சொல்லுவன்."

"ஐயோ, உன்ரை தங்கச்சியின்ரை வாழ்க்கையெல்லோ..."

"என்ரை வாழ்க்கை ஆரின்ரை வாழ்க்கை, பெரியப்பா?"

அவர் உள்ளே எவருக்கும் கேட்டுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார்.

"பயப்பிடாதையுங்கோ, பொய் சொல்லமாட்டன். நீங்கள் என்னைப்பற்றி உண்மையைத்தானே சொன்னனீங்கள், நானும் உண்மையைத்தான் சொல்லுவன். எப்ப எண்டு மட்டும் உங்களுக்குச் சொல்லமாட்டன். தாலி கட்டேக்கையோ, பேரப்பிள்ளை பிறந்து துடக்குக் கழிக்கேக்கையோ. ஒவ்வொரு விசேசத்துக்கும் நான் வருவன். நீங்கள் என்ரை வாயையே பாத்துக்கொண்டிருங்கோ."

தங்கச்சியின் தலைமேல் சத்தியமாய், சொல்கிற எண்ணம் எனக்கு இல்லை. அதை மட்டும் அவருக்கு நான் சொல்லவில்லை.

கோயிலில் பத்துப் பேரை அதட்டுகிற மனிசன், தோளில் கிடந்த சால்வையை வாயில் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். உள்ளேயிருந்து தங்கச்சி, "அக்கா, எங்கை நிக்கிறியள்? சாப்பிட வாங்கோ," என்று கூப்பிட்டாள். வாறன் என்று சொல்லிவிட்டு, அவர் அழுது முடியுமட்டும் நின்று பார்த்தேன்.