புடவை விரித்த கை, நின்றே இருந்த கால்

தி. நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாகப் பட்டுப்புடவை விற்கிறேன். காலை ஒன்பதரைக்குக் கவுன்ட்டருக்குப் பின்னால் போய் நின்றால், சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்குப் பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் நிற்பதுதான். உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, கவுன்ட்டருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் நாங்கள் புடவை அடுக்கி வைப்போம். உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, யாரும் உட்கார்ந்ததுமில்லை.

வலது முழங்கால் முதலில் மாடிப்படி இறங்கும்போதுதான் பிடித்தது. அடுத்து பஸ் படி. மந்தைவெளியில் தாழ்தளப் பேருந்து வரும்வரை இரண்டு மூன்று வண்டிகளை விட்டுவிடுவேன். தாமதமானால், கூட்டத்தில் ஏற முடியவில்லை என்று சொல்லிக்கொள்வேன். முட்டி வலி என்று தெரிந்தால் கீழ்த்தளத்தில் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயம். மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய வலி மாத்திரை எப்போதும் பர்ஸில் இருக்கும்.

ஒரு முகூர்த்த சீசனில் மாட்டிக்கொண்டேன். கல்யாண வீட்டார் ஏழெட்டுப் பேர் எதிரே உட்கார்ந்திருக்க, அடித்தட்டிலிருந்து ஒரு மாம்பழ நிறப் புடவையை எடுக்கக் குந்தினேன். எழுந்திருக்க முடியவில்லை. புடவை தேடுவதுபோல அட்டைப்பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே கீழே இருந்தேன். பக்கத்துக் கவுன்ட்டர்காரி எட்டிப் பார்த்தாள். உள்ளே வந்து, தானும் குனிந்து தேடுவதுபோல அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கூட்டம் போனதும், "அடையாறுல எங்க மாமியாருக்குக் காட்டுன கிளினிக் ஒண்ணு இருக்கு. இந்த வார லீவு அன்னிக்கே போற" என்றாள். கேட்பதுபோல இல்லை, உத்தரவுபோல இருந்தது.

அந்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூட்டுத் தேய்மானம். ஆபரேஷனுக்கு இப்போது அவசரமில்லை. தொடைத் தசைக்குப் பலம் வர வேண்டும், அளவாக நடக்க வேண்டும், மாத்திரையை இஷ்டத்துக்குப் போடக் கூடாது என்றார். கிளினிக்கில் மூன்று மாதப் பயிற்சி ஒன்று இருந்தது. கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை வாட்ச் இரவல் தருவார்கள். அது எத்தனை அடி நடக்கிறோம் என்று எண்ணும். போனில் ஒரு செயலி போட்டுத் தருவார்கள். தினமும் காலையில் வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அதில் போட வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட் வீடியோ காலில் வந்து பயிற்சி சொல்லித் தருவார்.

என் கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை. எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார். வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கைல கட்டுனா காலு எப்படிச் சரியாவும்?" என்றார்.

ஆனால் முதல் வாரமே எனக்குத் தலைகால் புரியவில்லை. வாட்சில் ஒரு நாளைக்குப் பதிமூன்றாயிரம் அடி, பதினாலாயிரம் அடி என்று வந்தது. பக்கத்துக் கவுன்ட்டர்காரியிடம் காட்டினேன். கணவரிடம் காட்டினேன். தினமும் கடற்கரையில் வேகநடை போகிறவர்களுக்குக்கூட இவ்வளவு வராது என்று பெருமையாக இருந்தது.

முதல் வீடியோ கால் காலை எட்டு மணிக்கு வந்தது. பேசியது ஒரு சின்ன வயதுப் பெண். பெருங்குடியில் ஏதோ அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுகிறாள் என்று தெரிந்தது. ஆரம்பத்தில், "வணக்கம் மேடம், உங்கள் வலது முழங்கால் எப்படி இருக்கிறது?" என்று செய்தி வாசிப்பதுபோல ஆரம்பித்தாள். நான் அடிக்கணக்கைப் பெருமையாகச் சொன்னதும் அந்தத் தமிழ் கழன்றுவிட்டது.

"இன்னாக்கா இது! பத்து மணிலேந்து எட்டு மணி வரைக்கும் நிக்காம நடந்துக்கினே இருந்தீங்கன்னு காட்டுது. இன்னா வேலைக்கா உங்களுக்கு?"

புடவை விற்பதாகச் சொன்னேன். எப்படி விற்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து உதறி விரித்தேன். முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக் காட்டினேன். மடித்தேன். அடுத்ததை உதறினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, வாட்சைப் பாருங்க."

பார்த்தேன். நின்ற இடத்தில் நின்றபடி நாற்பது அடி கூடியிருந்தது.

"கைதான்க்கா நடந்துக்கினு இருக்குது. காலு நின்னுக்கினே கீது" என்றாள்.

கடையில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வாட்சைக் கணுக்காலில், கொலுசுக்கு மேலே கட்டிக்கொள்ளச் சொன்னாள். மறுநாள் கட்டிக்கொண்டேன். புடவைக்குள் யாருக்கும் தெரியவில்லை. வேலை முடிந்து பார்த்தபோது இரண்டாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. தினமும் அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்புகிற நான் நடக்கவே இல்லை என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அசையாமல் நின்ற களைப்பைத்தான் இத்தனை வருடங்களாக உழைத்த களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரோஷம் வந்துவிட்டது. என் வார விடுமுறையான புதன்கிழமை காலையில், லஸ்ஸில் இருக்கும் பூங்காவுக்குப் போய்ப் பத்துச் சுற்று நடந்தேன். அவள் சொல்லியிருந்தது இரண்டு சுற்று. ஆறாவது சுற்றிலேயே முட்டி எச்சரித்தது, கேட்கவில்லை. வியாழக்கிழமை காலையில் முழங்கால் வீங்கிக் கிடந்தது. கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் கடைக்கு லீவு சொன்னேன். ஆனால் செயலியில் வலி எவ்வளவு என்று கேட்டபோது, இரண்டு என்று போட்டேன். அந்தப் பெண் திட்டுவாளோ என்ற பயம்தான் காரணம். நாலு வருடங்களாக எல்லாரிடமும் சொன்ன அதே பொய், கை தானாகப் போட்டுவிட்டது.

சாயங்காலம் போன் வந்தது. அவள் கூப்பிடும் நாளே இல்லை.

"அக்கா, நேத்து எக்கச்சக்கமா நடந்திருக்கீங்க. இன்னைக்குப் பூரா நூறு அடிகூட இல்ல. வலி ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. நெசமாவா?"

போர்வையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டேன்.

"எனக்கு மார்க் போடுற மாதிரி போடாதீங்கக்கா. வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்க. அத்தக் கேக்கத்தானே நான் இங்க குந்திக்கினு இருக்கேன்?"

"எட்டு இருக்கும்மா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வலியினால் இல்லை. டாக்டரைத் தவிர்த்து, வலிக்கிறது என்று ஒரு மனுஷியிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அவசரப்படுத்தவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, ஐஸ் ஒத்தடம் எப்படிக் கொடுப்பது, இரண்டு நாள் என்ன செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் உண்மையைத்தான் போட்டேன். ஏழு, ஆறு, மறுபடி ஏழு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணுவது, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதல் மாதம் கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை. கணவர் எதிரே நின்று எண்ணுவார். எட்டுக்கு அப்புறம் ஏழு என்பார், ஏமாற்றுவதற்காகவே. அவரிடம் கோபித்துக்கொண்டே எழுந்து பழகினேன்.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை வாட்ச் அதிரும்போது ஐந்து நிமிடம் உட்கார வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். கணுக்காலில் அது துடிக்கும். நான் புடவை விரித்துக்கொண்டிருப்பேன். இதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன். "முதலாளியாண்ட பேசுங்கக்கா. எழுதித் தரணும்னா கிளினிக்ல எழுதித் தருவாங்க" என்றாள்.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. கல்லாவில் அவர் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனேன். போன் செயலியில் இருந்த வலிக் கணக்குக் கோடுகளைக் காட்டி, முழுவதும் சொன்னேன். கணுக்காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வாட்சையும் காட்டினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனையே பார்த்தார். "எத்தன வருசமா வலிக்கி?" என்றார்.

"நாலு வருஷம் அண்ணாச்சி."

"நாலு வருசமா? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா, தாயி?" கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. "ஸ்டூல் போட்டிருக்கம்லா? அதுல ஏன் புடவைய அடுக்குதிய?"

அவர் எழுந்து என்னோடு முதல் மாடிக்கு வந்தார். கவுன்ட்டர் ஸ்டூலில் இருந்த புடவைகளைத் தானே எடுத்துத் தட்டில் வைத்தார். "உக்காரு" என்றார். இருபது பேர் பார்க்க உட்கார்ந்தேன். காது சுட்டது. ஒரு நிமிடம் கழித்துப் பக்கத்துக் கவுன்ட்டர்காரி தன் ஸ்டூலைக் காலி செய்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். அவளுக்கும் குதிகால் வலி இருந்தது என்பதை அன்றைக்குத்தான் சொன்னாள்.

மூன்று மாதம் முடிந்து வாட்சைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார்: தேய்ந்தது தேய்ந்ததுதான், எக்ஸ்ரே மாறாது. ஆனால் தசை தாங்குகிறது. எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது எந்தப் பேருந்து முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறேன். மாத்திரை மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான். மழை நாளில் முட்டி முனகும். அன்றைக்கு ஒரு சுற்றைக் குறைத்துக்கொள்வேன். கணவர் எனக்கென்று ஒரு வாட்ச் வாங்கிக்கொடுத்தார். எப்படி எண்ணுகிறது என்று பார்ப்பதற்காக முதல் இரண்டு நாள் அவரே கட்டிக்கொண்டு லேத் ஓட்டினார்.

போன தை மாதம் ஒரு பெண் என் கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நின்றாள். தோளில் லேப்டாப் பை. "அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவ காட்டுங்கக்கா. முதல் பட்டு" என்றாள். முகம் பிடிபடவில்லை. வீடியோ காலில் பாதி நேரம் போன் என் முட்டியைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். ஆனால் அந்த "அக்கா" எனக்குத் தெரியும், பிசியோதெரபிஸ்ட் பெண்தான். கையிலிருந்த புடவையை அப்படியே போட்டுவிட்டுக் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் அம்மா மாநிறம், குள்ளம், பெரிய பார்டர் பிடிக்காது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். முப்பது புடவையாவது விரித்திருப்பேன். கடைசியில் சின்ன மயில்கழுத்துக் கரை போட்ட அரக்குப் புடவை ஒன்றை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொட்டோம். அண்ணாச்சியிடம் இவள்தான் அந்தப் பெண் என்று சொன்னேன். அவர் கல்லாவைவிட்டு எழுந்து வந்து பையை அவரே கொடுத்து வாசல்வரை போய் அனுப்பினார்.

மறுநாள் காலை போனில் ஒரு படம் வந்திருந்தது. அந்த அம்மா புடவையைக் கட்டிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். மடிப்பு கொஞ்சம் கோணலாக இருந்தது. நான் சரிசெய்யச் சொல்லவில்லை.