கரி நெருப்பருகே கேட்ட குரல்

கொல்லிமலையில் எங்கள் வம்சத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். விடுதியில் கற்ற ரொட்டியை எங்கள் ஊரில் எனக்கு மட்டுமே சுடத் தெரியும். சென்ற ஐப்பசியில் அம்மா காய்ச்சலில் இறந்த பிறகு, மனம் தாங்காதபோதெல்லாம் ரவையும் வெல்லமும் பிசைந்து, சட்டிக்கு மேலும் கீழும் கரி நெருப்பிட்டுச் சுடுவேன். கை வேலையில் இருக்கும்வரை அழுகை வராது.

ஒருநாள் பகலிலேயே பனிமூட்டம். ரொட்டிச் சட்டியை வீட்டுக்குள்ளேயே கரியில் ஏற்றி, குளிருக்காகக் கதவைச் சாத்தினேன். விறகுதான் புகையும், கரி சுத்தமானது என்று நினைத்திருந்தேன்.

"தலை வலிக்குதுக்கா" என்றாள் தங்கை வள்ளி.

"பசியாத்தான் இருக்கும் கண்ணு. வேகற வரைக்கும் செத்த படுத்துக்க."

அவள் தூங்கிவிட்டாள். எனக்கும் கண் சொருகியது. அப்போது அம்மாவின் குரல் காதருகே தெளிவாகக் கேட்டது: "நீயும் வந்து படு சாமி."

பயமே இல்லை. படுத்துவிட்டேன்.

ரொட்டி கருகும் வாசனைதான் எழுப்பியது. நான் சுட்டது தீய்ந்ததென்று ஊர் சிரிக்குமே! வெளிச்சத்தில் பார்க்க, சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு தடுமாறிப் போய்க் கதவைத் திறந்தேன். குளிர்காற்று முகத்தில் பட்டதும் கால்கள் மடங்கின. மூடிய அறையில் கரி நெருப்பு மூச்சைக் கெடுக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. வள்ளியை வாசலுக்கு இழுத்துப் போட்டேன். வெகுநேரம் கழித்தே கண் திறந்தாள்.

காட்டிலிருந்து வந்த அப்பா, "ரெண்டு பேருமே அவகிட்டப் போயிருப்பீங்களே சாமி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இப்போதும் சுடுகிறேன், திறந்த வாசலில்தான். அம்மாவின் குரலை இன்னொரு முறை கேட்க ஆசை எழும் நாட்களில் மட்டும் கரியைத் தொடுவதே இல்லை.