வூட்டுக்கு ஒரு ஆட்டக்காரன்

பத்து வருஷமாக நான் மறைத்து வைத்திருந்த ஒரு விஷயத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தம்பி அருள் போட்டு உடைத்துவிட்டான். அதுவும் என் வீட்டில், என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே!

அருள் பாலக்கோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மாதம் ஒரு ஞாயிறு தருமபுரிக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவான். வரும்போது ஒரு பை தக்காளியும் ஒரு மூட்டை புகாரும் கொண்டுவருவான். இந்தத் தடவை புகார் வாலிபால் பற்றி. அவன் ஆடுகிற கிளப்பில் டீம் எடுக்கிறார்களாம். நன்றாக ஆடுகிறவனை விட்டுவிட்டு, தெருவுக்கு ஒருத்தன் என்று எடுக்கிறார்களாம். இதெல்லாம் ஒரு செலக்‌ஷனா என்று குதித்தான்.

என் மனைவி ரோசலின் ரசம் ஊற்றிக்கொண்டே, அந்தக் காலத்தில் உங்கள் ஊரில் மட்டும் எப்படி எடுத்தார்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். நான் அருளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் எங்கே பார்த்தான்?

"என்னய டீம்ல சேக்கறதுக்குத்தான அண்ணி, அண்ணனுக்கு அவசர அவசரமா உங்களக் கட்டி வெச்சாங்க?"

ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது.

உங்களுக்குத் தலை சுற்றுகிறதா? சுற்றட்டும். எனக்குப் பத்து வருஷமாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. முதலிலிருந்து சொல்கிறேன்.

பென்னாகரம் ரோட்டில் இருக்கும் எங்கள் ஊர் சின்ன ஊர். ஒரு மாதா கோயில், இருபத்து சொச்சம் வீடுகள், மானாவாரி நிலம். மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் கல் உடைக்கிற வேலை. அறுபதுகளின் கடைசியில், மழை பெய்யாத ஒரு வருஷம், கிணறு வெட்ட உதவுவதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு துறவி வந்து சேர்ந்தார். பிரதர் கெவின். அவர் கூடவே ஒரு லாரி வந்தது, பாறையைத் துளைக்கிற மிஷின் வந்தது, ஒரு பந்தும் வந்தது.

பந்து என்றா சொன்னேன்? உருண்டையாக இருந்தால்தானே பந்து? அவர் ஊர் ஃபுட்பாலாம் இது, பப்பாளிக்காய் மாதிரி இருந்தது. சிவப்புத் தோல். தரையில் போட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று போட்டவருக்கும் தெரியாது.

ஊர் ஏரி வறண்டு கிடந்தது. அதுதான் கிரவுண்டு. தைல மரத்துக் கம்பங்கள் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. நடு இரண்டு கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்தால் ஆறு பாயிண்ட். தப்பாக உதைத்து, ஓரக் கம்பத்துச் சந்தில் போனால்...? ஒரு பாயிண்ட். தப்புக்கும் பாயிண்ட்! பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் எறியக் கூடாது, குத்தலாம். தூக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் பத்துப் பதினைந்து எட்டுக்கு ஒரு தரம் தரையில் தட்ட வேண்டும். தட்டினால் அது வேறு திசையில் போய்விடும். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர்.

பிரதர் கெவின் புத்தகத்தில் தமிழ் படித்தவர். ஒவ்வொரு விதியையும் பைபிள் தமிழில் விளக்குவார். நாங்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவோம். ஆறு மாதத்துக்குப் பிறகும் எங்களில் பாதிப் பேருக்கு எந்தக் கம்பம் நம்முடையது என்று தெரியாது.

ஆனால் மனுஷன் விடவில்லை. தினம் சாயங்காலம் வேலை முடிந்ததும் பயிற்சி. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பக்கம். யாருக்குக் கால் வலு, யாருக்குக் கை வலு, யார் எதில் முன்னேற வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருப்பார். என் பக்கம் சீக்கிரம் நிறைந்துவிட்டது. ஓடினால் மூச்சு வாங்கும், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். வாரா வாரம் என் தோளைத் தட்டி, "நீ மெதுவாக முன்னேறுகிறாய்" என்பார். அது பாராட்டா, கண்டிப்பா? கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அருளின் பக்கத்தில் இரண்டே வரிதான். அவனுக்கு இடது கால். ஏரிக்கரை மதகு பக்கமிருந்து உதைத்தால் பந்து சுழன்று வளைந்து நடுக் கம்பங்களுக்குள் போய் விழும். பிரதர் வாய் பிளந்து நிற்பார். பத்தொன்பது வயசு. எட்டாவதோடு நின்றுவிட்டு, கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தான்.

இப்படி இருக்கும்போது பெங்களூரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அங்கே ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி. அதை நடத்துகிறவர் பிரதருக்கு ஊர்க்காரர், அவரும் பப்பாளிப் பந்துப் பைத்தியம். உங்கள் டீமைக் கூட்டி வா, ஒரு மேட்ச் ஆடுவோம். நன்றாக ஆடுகிற பையன் யாராவது இருந்தால் ஃபிட்டர் வேலை கற்றுக்கொள்ளச் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். அஞ்சு ஞாயிறு தள்ளி மேட்ச்.

அன்று கல் குவாரியிலிருந்து திரும்பும்போது அருள் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணா, இந்தச் சுத்தியல இன்னொரு வருசம் தூக்க முடியாதுண்ணா. அங்க ஒரே ஒரு தடவ நான் ஒதைக்கறத அவங்க பாத்துட்டாப் போதும்."

டீமில் முதல் பெயர் அவன் பெயராகத்தான் இருக்கும் என்று நினைத்தோம். ஆனால் பிரதர் ஒரு தப்புச் செய்துவிட்டார். பதினெட்டு ஆட்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்று உபதேசியாரிடம் கேட்டுவிட்டார்.

உபதேசியார் என்றால் பங்குச் சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். எங்கள் உபதேசியார் மிகவும் நேர்மையானவர். அதுதான் சிக்கலே. ஊரில் எந்தக் காரியத்துக்கு ஆள் எடுத்தாலும் அவரிடம் ஒரே ஒரு நோட்டுதான் — திருவிழாவுக்குத் தேர் தூக்குகிற நோட்டு. அதில் தலைக்கட்டுக்கு ஒருத்தர். தலைக்கட்டு என்றால் தனி அடுப்பு எரிகிற குடும்பம். அந்த வீட்டின் மூத்த ஆண்பிள்ளை தோள் கொடுக்க வேண்டும். அதே நோட்டைத் திறந்தார். அப்படியே பதினெட்டுப் பேரை எழுதிக் கோயில் கதவில் ஒட்டிவிட்டார்.

பட்டியலைப் பார்த்த பிரதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயசு சவரிமுத்து மாமா இருக்கிறார். அந்த வீட்டில் வேறு ஆம்பளை இல்லை. எங்கள் வீட்டிலிருந்து நான் இருக்கிறேன் — மெதுவாக முன்னேறுகிற நான்! அருள் இல்லை.

பிரதர் கோயில் வாசலில் புளியங்கொட்டைகளைப் பரப்பி, யார் எங்கே நிற்க வேண்டும், அருள் இல்லாவிட்டால் எங்கே ஓட்டை விழும் என்று அரை மணி நேரம் விளக்கினார். உபதேசியார் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "எல்லாஞ் செரிங்க பிரதர். ஒரே வூட்டுக்கு ரெண்டு எடங் குடுத்துட்டு, எடமில்லாத வூட்டுக்காரன் மூஞ்சியில நான் எப்பிடிங்க முழிப்பேன்?"

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. பிரதர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் அருள் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. அப்பா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

மறுநாள் அப்பாவே உபதேசியாரிடம் போனார். இரண்டு பேரும் நோட்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்கள். உபதேசியாருக்குத்தான் அந்த அற்புதமான யோசனை உதித்தது. பெரியவனுக்குக் கல்யாணத்தைப் பண்ணித் தனி அடுப்பு வைத்துவிட்டால் அது ஒரு தலைக்கட்டு. அப்போது இந்த வீட்டுக்கு மூத்தவன் அருள். ரெண்டு தலைக்கட்டு, ரெண்டு ஆள். நோட்டும் தப்பாது!

அப்பா வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பிரதருக்கு என்னைவிட மோசம். "பந்து ஆடுவதற்காக... விவாகமா?" என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டார். நாலு பேரும் ஆமாம் என்றார்கள். அவர் நோட்டில் என் பக்கத்தை எடுத்து ஏதோ எழுதினார். என்ன எழுதியிருப்பார்?

ஏரியூர் பக்கம் ஒரு சம்பந்தம் ஏற்கெனவே பேச்சில் இருந்தது. மழை பெய்யட்டும், பார்க்கலாம் என்று கிடப்பில் போட்டிருந்தார்கள். அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்று பெண் வீட்டில் கேட்டதற்கு, அப்பா தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். ஃபுட்பால் என்று சொன்னால் பெண் கொடுப்பார்களா?

வியாழக்கிழமை பெண் பார்க்கப் போனோம். பெண் காபி கொண்டுவந்தாள். பையனுக்கு வேலை போகப் பொழுதுபோக்கு என்ன என்று யாரோ கேட்டார்கள். வாய் தவறி, பந்தாட்டம் பற்றி உளற ஆரம்பித்துவிட்டேன். ஆறு பாயிண்ட், ஒரு பாயிண்ட், குத்தலாம், எறியக் கூடாது... வழக்கம்போல எல்லோரும் முழித்தார்கள். அந்தப் பெண் மட்டும் கதவோரம் நின்றபடி மெதுவாக, "தப்பா ஒதைச்சவங்களுக்கும் ஒண்ணு குடுக்கறது நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.

ஆறு மாதத்தில் அந்த ஆட்டத்தைப் புரிந்துகொண்ட முதல் ஆள்!

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். மூன்று ஓலை, அடுத்த புதன்கிழமை கல்யாணம். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையைச் சுண்ணாம்பு அடித்து எங்களுக்குக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் உபதேசியார் வந்து வாசலில் நின்று, கூரையில் புகை வருகிறதா என்று பார்த்தார். வந்தது. நோட்டைத் திறந்து, புதிதாக ஒரு தலைக்கட்டு எழுதினார். பட்டியலில் கால் சுளுக்கிய ஒருத்தர் பெயரை அடித்துவிட்டு அருள் பெயரையும் எழுதினார். அருள் கொட்டகை ஓரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். நானும் கொஞ்சம் அழுதேன்.

சரி, நான் மேட்ச் ஆடினேனா?

அதுதான் இல்லை. கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு மாப்பிள்ளை பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. மேட்ச் அதே ஞாயிறு. இத்தனை பெரிய தலைகள் உட்கார்ந்து திட்டம் போட்டார்களே, ஒருத்தராவது நாள் எண்ணிப் பார்த்தார்களா? டீம் பிரதரின் லாரியில் பெங்களூர் போனது. நான் ஏரியூர் பஸ்ஸில் போனேன். என் புதுத் தலைக்கட்டின் சார்பில் என் மச்சினன் லாரியில் ஏறினான். பந்தையே அவன் லாரியில்தான் முதலில் பார்த்தான்.

மேட்ச் என்ன ஆயிற்று? தெரியாது. பதினெட்டுப் பேர் திரும்பி வந்து பதினெட்டு ஸ்கோர் சொன்னார்கள். ஜெயித்தோம் என்கிறார் சவரிமுத்து மாமா. செமத்தியாக வாங்கினோம் என்கிறான் அருள். ஆனால் அவன் இடது காலை அந்தப் பள்ளிக்காரர் பார்த்துவிட்டார். அடுத்த மாதமே ஃபிட்டர் படிப்பில் சேர்ந்தான். ஐப்பசியில் ஏரி நிறைந்தது. கம்பங்கள் பாதி மூழ்கின, ஆட்டம் முழுசாக மூழ்கியது.

இந்தக் கதையைத்தான் அருள் என் சாப்பாட்டு இலைக்கு முன்னால் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். ரோசலின் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"ஏங்க, எனக்கு ஒண்ணு மட்டும் புரியலைங்க. தம்பி ஆடணும், அவ்வளவுதான? உங்க எடத்த அவருக்கு வுட்டுக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே. எதுக்குங்க கல்யாணம்?"

அருளின் கை பாதியில் நின்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் ரசத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு ஒருத்தர் என்றால் அந்த ஒருத்தர் அருளாக இருந்துவிட்டுப் போகட்டும்! அப்பாவுக்குத் தோன்றவில்லை. நோட்டைக் கரைத்துக் குடித்த உபதேசியாருக்குத் தோன்றவில்லை. புளியங்கொட்டை வைத்துக் கணக்குப் போட்ட பிரதருக்கும் தோன்றவில்லை. இத்தனை பேர் கூடி, ஒருத்தன் விலகுவதற்குப் பதிலாக ஒருத்தனுக்குக் கல்யாணமே செய்துவைத்திருக்கிறோம்.

"உங்களுக்காச்சும் தோணலியாங்க?" என்றாள்.

"தோணலியே" என்றேன். அவள் நம்பிவிட்டாள். அருளும் நம்பிவிட்டான்.

உங்களிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. முதல் ஓலை வாசித்த ஞாயிறு, கோயிலில் முழங்காலில் இருந்தபோது, அது எனக்குப் பளிச்சென்று தோன்றியது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நின்றுபோயிருக்கும்.

ஆனால் நான் பெண் பார்த்துவிட்டு வந்தது அதற்கு முந்தின வியாழக்கிழமை.