பன்னிரண்டாம் நம்பர் யோகன் அண்ணை

ஜனவரி 22, வியாழக்கிழமை. மாலை 6.45. சுவிஸ், ஓர்லிகோன் ரயில் ஸ்டேசனுக்குப் பின்பக்கம், மைனஸ் ஐந்து. எண்ணிக்கை பதினொன்று.

பன்னிரண்டு வரவேண்டும். பன்னிரண்டாவது ஆள் யோகன் அண்ணை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவேயில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

"நேரம் போகுது, வெளிக்கிடுவம். மனுசன் வழியில பிடிப்பார்." சொன்னது நான்தான். எனக்குக் காத்துக்கொண்டு நிற்கப் பிடிக்காது... குளிரில் அறவே பிடிக்காது.

அப்போதுதான் எங்களோடு ஓடுகிற பெடியன் டிலானின் போன் அடித்தது. அண்ணையின் மனைவி வசந்தி அக்கா.

தெரியாதவர்களுக்கு... யோகன் அண்ணைக்கு ஐம்பத்து மூன்று வயது. ரெஸ்ரோரண்ட் கிச்சினில் வேலை, வியாழன் லீவு. எங்கள் ஓட்டக் குழுவில் எப்போதும் கடைசியாக ஓடுகிறவர். முதுகில் ஒரு சிவப்பு லைற்.

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நாங்கள் எண்ணுவோம். தமிழில். ஆளுக்கொரு நம்பர், மாறாது. ரெகுலா என்ற சுவிஸ்காரிக்குத் தமிழில் "எட்டு" மட்டும்தான் தெரியும். கடைசியில் அண்ணையின் குரல் வரும்: "பன்ரண்டு! கதவைப் பூட்டலாம்!" ட்ராம் வெளிக்கிடுகிற மாதிரி.

பச்சை விழுந்ததும் நான் முன்னால் போய்விடுவேன். திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை.

சென்சார்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பரிசோதிப்பது என் வேலை. குழுவில் எல்லோருடைய வாட்ச் டேட்டாவும் எனக்குத்தான் வரும்.

ஒக்டோபரில் அண்ணையின் இதயத்துடிப்பு 172. அவ்வளவு மெதுவாக ஓடுகிற மனுசனுக்கு 172! நேராகவே சொன்னேன்: "அண்ணை, இது சரியில்லை. டொக்டரிட்டக் காட்டாமல் இனி வராதேங்கோ."

காட்டினார். இரண்டு கிழமை கழித்து வந்து, "ஒரு பிரச்சினையும் இல்லையாம் தம்பி. மெதுவா ஓடட்டாம்" என்றார்.

நான் ஒரு பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்தேன். நவம்பர் முதல் வியாழனே 131. அடுத்தது 133. பிறகு 130...

அந்த கிராஃபை எங்கள் குழுவின் இதே இணையப் பக்கத்தில்தான் போட்டேன். "டேட்டா பொய் சொல்லாது" என்று தலைப்பு வேறு. அண்ணை கீழே வந்து எழுதினார்: "எல்லாம் எங்கட இஞ்சினியரின்ர கைராசி." கூடவே ஒரு சிவப்பு இதயம்.

கைராசி!

டிலானுக்கு இருபத்திரண்டு வயது. என்னைவிட வேகமாக ஓடக்கூடிய ஒரே ஆள். நவம்பரில் தன் வாட்ச் உடைந்துவிட்டது என்றான். அதிலிருந்து பின்னால், அண்ணையோடு ஒட்டிக்கொண்டே வந்தான்.

டிசம்பரில் ஒரு நாள்... பனி கொட்டி ட்ராம் தண்டவாளமே தெரியவில்லை. சந்தியில் இவர்கள் இரண்டு பேருக்காக ஏழு நிமிடம் நின்றோம். எனக்கு விரலெல்லாம் விறைத்துவிட்டது.

"டேய், நீ ஓட வாறனியோ, கதைக்க வாறனியோ?" எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அண்ணைதான், மூச்சு வாங்க வாங்க, "அவனைப் பேசாதை தம்பி. கிழவனுக்குத் துணைக்கு வாறான்" என்றார். ஜக்கெற்றிலிருந்து ஒரு குளிசை எடுத்து வாயில் போட்டார்.

"என்ன அண்ணை அது?"

"மக்னீசியம். காலில சதை பிடிச்சு இழுக்குது."

நம்பினேன். இங்கே ஓடுகிறவர்களில் பாதிப்பேர் மக்னீசியம் போடுகிறவர்கள்தானே.

நேற்று போன் வந்த பிறகு, அப்படியே அண்ணையின் வீடு வரைக்கும் ஓடினோம். நாலு கிலோமீட்டர். எத்தனையோ சிக்னல். ஒருவரும் எண்ணவில்லை.

வாசலில் வைத்து டிலான் சொன்னான். ஓடக்கூடாது, நடந்தால் போதும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வியாழனும் வெளிக்கிட முன்னம், டிக்கெட் மெசினுக்குப் பின்னால் வைத்து, அண்ணை தன் வாட்சைக் கழற்றி டிலானின் கையில் கட்டிவிடுவாராம்.

பாதை ஒன்று. வேகம் ஒன்று. துடிப்பு மட்டும் டிலானுடையது.

நான் ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட 131...

"ஏன்டா எனக்குச் சொல்லேல்ல?"

"அண்ணை சத்தியம் வாங்கினவர். தெரிஞ்சா நீங்கள் அண்டைக்கே குரூப்பால எடுத்துப்போடுவீங்களாம். வியாழன் பின்னேரம் மட்டும்தான் தன்ர நேரமாம், மற்றதெல்லாம் கிச்சின்ர நேரமாம்."

ஓம், எடுத்திருப்பேன். அந்த நிமிடமே எடுத்திருப்பேன். வீட்டில் இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார். உயிரோடு.

ரெகுலாவுக்கும் தெரிந்திருக்கிறது. பின்னால் ஓடிய எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முன்னால் ஓடிய எனக்கு மட்டும்தான் தெரியாது.

பொய்யைக்கூட எனக்கு விளங்குகிற மாதிரி நம்பரில் சொல்லியிருக்கிறீங்கள் அண்ணை. நல்லா ஏமாத்திப்போட்டீங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. நவம்பரிலிருந்து, நத்தாரும் புதுவருசமும் போக, ஓடிய ஒன்பது வியாழக்கிழமை டேட்டாவையும் அழிக்கிறேன். 172ஐ மட்டும் வைத்திருப்பேன். அது ஒன்றுதான் உங்கடது.

2. செத்தவீட்டுக்கு வருவேன். டிலானோடு கதைக்க மாட்டேன். இப்போதைக்கு முடியாது.

3. டொக்டர் மறித்தவர்கள் ஓடக்கூடாது என்ற விதி அப்படியே இருக்கும். அதற்குக் கீழே ஒரு வரி சேர்க்கிறேன்: "நடக்கிற ஆக்களும் வரலாம். நான் கூட நடப்பன்." இதை ஒக்டோபரில் எழுதியிருக்கலாம்.

4. அடுத்த வியாழன், 6.45, அதே இடம். சிவப்பு லைற்றை வசந்தி அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நான் கடைசியில் வருவேன். பதினொன்று வரைக்கும் எண்ணுவோம். பச்சை விழுந்தாலும் கொஞ்சம் நிற்போம்.

போயிட்டு வாங்கோ அண்ணை.