கண்டக்டரக்காவின் வலது தொடை

துள்ளிக்கொண்டிருந்த தன் தொடையைக் கண்டக்டரக்கா வேடிக்கை பார்த்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பெங்களூர் அல்சூரில் ஒரு சிறிய கிளினிக்கில் நான் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த முதல் வருடம் அது. அவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். தொடையில் நான் ஒட்டியிருந்த பட்டைகள் வழியே மெல்லிய மின்சாரம் பாயும்போது தசை திமிறி எழும்பும், பத்து விநாடி இறுகி நிற்கும், பிறகு துவண்டுவிடும். "பாரும்மா, நான் சொல்லாமயே குதிக்குது. யாரு வீட்டுக் காலோ!" என்று சிரித்தார்.

ஒக்கலிபுரத்துக்காரர். நகரப் பேருந்தில் பதினெட்டு வருடமாகக் கண்டக்டர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். படியில் கால் பிசகி, முட்டிக்குள் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். இரண்டு மாதத்தில் அலுவலக மருத்துவர் அவரைப் பரிசோதிப்பார். கால் தேறவில்லை என்றால் வண்டியைவிட்டு இறக்கி டிப்போவில் ஒரு மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதே சம்பளம், நிழல், மின்விசிறி. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாகப் போயிருப்பார்கள். இவரோ, "நாற்காலில உக்கார வச்சா நான் செத்தே போயிருவேம்மா" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்கோ அப்போது அந்த மின்சார மெஷின் மேல் ஒரே பைத்தியம். கிளினிக்குக்குப் புதிதாக வந்திருந்தது. "நீங்க சும்மா படுத்துக்கோங்கக்கா, மெஷின் பாத்துக்கும்" என்று பெரிய மனுஷிபோலச் சொன்னேன். அவரும் சொன்ன பேச்சைக் கேட்டு, சில நாள் குறட்டையே விட்டார். மூன்றாவது வாரம் பட்டைகளைக் கழற்றிவிட்டு, "இப்ப நீங்களே தொடைய இறுக்குங்க" என்றேன். பல்லை இறுக்கினார், கையை இறுக்கினார், கழுத்து நரம்பு புடைத்தது. தொடை மட்டும் துணிமூட்டைபோலக் கிடந்தது. "என் பேச்சக் கேக்க மாட்டேங்குதேம்மா" என்று அழுதுவிட்டார்.

முட்டியில் கத்தி பட்டால் தொடைத் தசை உடையவரின் சொல்லை மறந்துபோகும். மின்சாரம் அதைத் தட்டி எழுப்பும். ஆனால் அது தட்டும்போதெல்லாம் ஆளும் கூடவே சேர்ந்து இறுக்கிப் பழக வேண்டும். அந்தப் பாதியை நான் சொல்லவே இல்லை. மூன்று வாரத்தை வீணாக்கியவள் நான்தான்.

வழியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓடுற வண்டில நான் எப்படி நிப்பேன் தெரியுமா?" என்றார். ஒரு கையில் டிக்கெட் மெஷின், மறு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்கக் கை ஏது? இடுப்பை ஒரு சீட்டில் சாய்த்துக் காலை ஊன்றிக்கொள்வார். டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்பே கால் இறுகிவிடும், ஏனென்றால் வண்டியை நிறுத்தச் சொல்கிறவரே அவர்தான். சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார். "ஹோல்டான்" என்றார் மெதுவாக. பெங்களூர்க் கண்டக்டர்கள் வண்டியை நிறுத்தச் சொல்லும் வார்த்தை.

என் உள்ளங்கைக்கு அடியில் அந்தத் தொடை கல்லானது. பட்டை இல்லை, மின்சாரம் இல்லை. "ரைட்" என்றார், தளர்ந்தது. மறுபடி "ஹோல்டான்", மறுபடி கல். எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனையோ பேரின் காலைத் தொட்டுவிட்டேன், அன்றைக்குப் பட்ட வியப்பு இன்றுவரை குறையவில்லை.

அதன்பின் மெஷின் இழுக்கும்போதெல்லாம் அவரும் சேர்ந்து ஹோல்டான் போட்டார். பிறகு மெஷினே இல்லாமல், முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தினார். கடைசியில் வீட்டுச் சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் பாதி உட்கார்ந்தாற்போல நின்றார். மனசுக்குள் வண்டி ஓடும், ஒரு நிறுத்தத்துக்கு ஒரு பிடி. "இன்னிக்கு மெஜஸ்டிக்லேர்ந்து சிவாஜிநகர் வரைக்கும் போயிட்டு வந்தேம்மா" என்று வந்து சொல்வார். இன்று என்னிடம் அதைவிட நல்ல மெஷின் இருக்கிறது. ஆனால் யாரையும் சும்மா படுத்துக்கொள்ளச் சொல்வதில்லை.

பரிசோதனைக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். மருத்துவர் டேப்பால் இரண்டு தொடைகளையும் அளந்தார். வலது இன்னும் ஒரு விரல்கடை மெலிவு. உதட்டைப் பிதுக்கினார். மேசை விளிம்பில் உட்காரவைத்துக் காலை நேராக நீட்டச் சொன்னார். கணுக்காலில் கைவைத்துக் கீழே அழுத்தினார். அக்காவின் உதடு மட்டும் லேசாக அசைந்தது. கால் அசையவில்லை. மருத்துவர் எழுந்து நின்று, இன்னொரு கையையும் சேர்த்து, உடம்பின் பாரத்தையே போட்டு அழுத்தினார். நெற்றியில் வியர்த்தது, அவருக்குத்தான். எவ்வளவு நேரம் இப்படியே வைத்திருப்பாய் என்று கன்னடத்தில் கேட்டார்.

"நீவு ஹேளோ தனகா சார்" என்றார் அக்கா. நீங்கள் சொல்லும் வரைக்கும்.

மருத்துவர் கையை எடுத்துவிட்டு, இரண்டு மணிக்கட்டையும் தேய்த்துக்கொண்டார். அப்போதும் கால் நீட்டியது நீட்டியபடியே இருந்தது.